ஏறும், இறங்காது

மதுராந்தகம் ஏரிக்கரையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மண் லாரி ஒன்று முன்னால் சேர்ந்துகொண்டது. தார்ப்பாய் கட்டவில்லை. பெரியம்மா முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் கதவிலிருந்த சுவிட்சைத் தூக்கினாள். கண்ணாடி ஏறியது. லாரியை முந்தி வந்த பிறகு அழுத்தினாள். இறங்கவில்லை. இட்லி வெந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல் கட்டைவிரலை வைத்து இன்னொரு தடவை அழுத்தினாள்.

"ஏறிச்சு. எறங்க மாட்டேங்குது."

என் கதவில் நான்கு கண்ணாடிக்கும் சுவிட்ச் உண்டு. இடது முன்பக்கத்துக்கானதை அழுத்தினேன். ஒன்றுமில்லை. தூக்கிப் பார்த்தேன். ஏற்கெனவே உச்சியிலிருந்த கண்ணாடி ரப்பருக்குள் இன்னும் கொஞ்சம் இறுகி 'ம்க்' என்றது. ஏறுகிற திசையில் உயிர் இருக்கிறது, இறங்குகிற திசையில் இல்லை. அந்த ஒரு 'ம்க்'கை அப்போதே உட்கார்ந்து யோசித்திருந்தால் எனக்கு நாலாயிரத்துச் சொச்சம் மிஞ்சியிருக்கும்.

ஏசி போடலாம்தான். பெரியம்மாவுக்கு ஏசி ஆகாது. "ஐஸ் பொட்டிக்குள்ள இப்பவே எதுக்குடா?" என்பாள். கண்ணாடி மூடியிருந்தால் வாந்தி வரும் என்பதும் அவள் கட்சி; அதற்குச் சாட்சியாகக் கையில் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கும். உண்மைக் காரணம் மடியிலிருந்த சுருக்குப்பையில் இருந்தது. வெற்றிலை போட்டால் துப்ப வேண்டும், துப்ப ஜன்னல் வேண்டும். ஆத்தூர் சுங்கச்சாவடி வருவதற்குள் வாய் நிறைந்து பேச முடியாமல் போய், கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். ஓரங்கட்டினேன். கதவைத் திறந்து துப்பிவிட்டு உட்கார்ந்தவள், "நிழல்ல நிறுத்தக் கூடாதா?" என்றாள். நிழலுக்கு எங்கே போவது? இந்த ஜி.எஸ்.டி. சாலையை அகலப்படுத்தியபோது புளியமரங்கள் போய்விட்டன. விழுப்புரம் போய்ச் சேர்வதற்குள் ஐந்து இடத்தில் நிறுத்தினோம். ஐந்தும் வெயில்.

அவளுக்கும் கார் கண்ணாடிக்கும் உள்ள வழக்கு பழையது. 1978இல் விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனோம். வாடகை டாக்சி. எனக்கு எட்டு வயது. பெரியவர்கள் ஏழு பேர், மடியில் நாங்கள் நான்கு பேர். அந்த டாக்சியில் கதவு நான்கு, கண்ணாடியைச் சுற்றுகிற கைப்பிடி ஒன்று. மற்ற மூன்று கதவுகளிலும் கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் பல் வெட்டிய குட்டித் தண்டு மட்டும் தொப்புள் மாதிரி துருத்திக்கொண்டிருக்கும். கைப்பிடியை டிரைவர் தன்னிடம் வைத்திருந்தார். யாருக்கு வேண்டுமோ அவர்கள் கேட்டு வாங்கி, தண்டில் மாட்டி, சுற்றி, திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

பெரியம்மா டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரம். அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, உள்ளங்கையை விரித்து, "குடுப்பா" என்றாள். கொடுத்தார். மாட்டிச் சுற்றினாள். கண்ணாடி இறங்கியது. கைப்பிடியைத் திருப்பிக் கொடுக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டாள். மறு ஓரத்திலிருந்து அம்மா கேட்டாள். தாம்பூலத் தட்டு மாதிரி கைமாறிப் போய், தாம்பூலத் தட்டு மாதிரியே பெரியம்மாவிடம் திரும்பி வந்தது. திருக்கோவிலூரில் தென்பெண்ணைப் பாலத்தில் ஏறும்போது மழை பிடித்தது. கைப்பிடி நான்கு கதவையும் சுற்றி வருவதற்குள் பெரியப்பாவின் பட்டுச் சட்டை நனைந்து, கல்யாணத்துக்கு நீலமும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டாகப் போய் இறங்கினார்.

ராத்திரி ஊர் திரும்பியதும் பெரியம்மா வெற்றிலைப் பையோடு இறங்கி வீட்டுக்குள் போய்விட்டாள். மறுநாள் விடியற்காலை டிரைவர் சைக்கிளில் வந்து வாசலில் நின்றார். "அம்மா, நம்ம சாமான் ஒண்ணு உங்ககிட்ட தங்கிடுச்சு."

மழை விடாத ராத்திரி அது. நான்கு கண்ணாடியும் எந்த நிலையில் நின்றதோ அந்த நிலையிலேயே டாக்சி விடிய விடிய நின்றிருக்கிறது.

அந்தக் கைப்பிடியைச் சுற்றும் வேலையை அன்று எனக்கும் ஒருமுறை கொடுத்தார்கள். பாதி வரை லேசாக வந்தது, பிறகு மணல் நறநறத்தது, அப்புறம் மணிக்கட்டு வலித்தது. ஓரத்து ரப்பர் காய்ந்திருந்தால் அது கையில் தெரியும். உள்ளே பல் சக்கரம் தேய்ந்திருந்தால் ஒரு இடத்தில் வழுக்கிப் போவதும் தெரியும். சுவிட்சில் இதெல்லாம் காதுக்குப் போய்விட்டது. 'ர்ர்ர்' என்று சீராகப் போனால் நலம். 'ர்ர்... ர்... ர்' என்று மூச்சு வாங்கினால் கண்ணாடி ஓடுகிற வாய்க்காலில் புழுதி. மோட்டார் ஓடுகிறது, கண்ணாடி நகரவில்லை, கூடவே 'கடக் கடக்' என்றால் கம்பி அறுந்திருக்கும். ஒரு சத்தமும் இல்லையென்றால் கரண்டே வரவில்லை. ஃபியூஸிலிருந்து தொடங்க வேண்டும். நான்கும் ஒரே நேரத்தில் செத்தால் ஃபியூஸோ ரிலேவோ. ஒன்று மட்டும் செத்தால் அந்தக் கதவையும் அந்தச் சுவிட்சையும் பார்க்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

பெரியம்மா பிறந்த அதே 1940இல்தான் அமெரிக்காவில் பாக்கார்ட் என்கிற கார் பட்டனில் ஏறி இறங்கும் கண்ணாடியோடு வந்தது. அதில் மின்சாரம் பம்பை மட்டுந்தான் ஓட்டியது. கண்ணாடியைத் தள்ளியது எண்ணெயின் அழுத்தம். கதவுக்கு ஒரு மோட்டார் என்கிற இன்றைய ஏற்பாடு பிறகு வந்தது. நம்மிடம் வந்து சேரும்போது அது சாதி பார்த்து வந்தது. நான் வாங்கிய முதல் காரில் முன்னால் இருவருக்குப் பட்டன், பின்னால் இருவருக்குக் கைப்பிடி. பெரியம்மா அதில் பின்னால்தான் உட்காருவாள், கைப்பிடிப் பக்கம். "இதுதான் நம்ம சொல் பேச்சு கேக்கும்." இரண்டாவது காரில் நான்கும் பட்டன். அதிலிருந்து முன்சீட்டுக்கு வந்துவிட்டாள்.

இறங்காத கண்ணாடிக்காக வண்டியை முதலில் ஒரு பெரிய பணிமனையில் விட்டேன். பெயர் வேண்டாம். வரவேற்பில் இருந்த பையன் கணினியில் ஏதோ தட்டி, "மோட்டார் போயிருக்கும் சார்" என்றான். கதவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மறுநாள் புது மோட்டார், மெஷினோடு சேர்த்து. மெஷின் என்று சொல்வது கண்ணாடியைத் தூக்குகிற அந்தக் கம்பி-உருளைக் கூட்டத்தை. வெளியே எடுத்து ஓட்டிக் காட்டும்போது கண்ணாடி இறங்கியது, ஏறியது. கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தேன். மூன்றாம் நாள் மறுபடி ஏறியது, இறங்கவில்லை. திரும்பக் கொண்டுபோனதற்கு இடது கதவுச் சுவிட்சை மாற்றினார்கள். அது ஒரு வாரம் தாங்கியது.

அந்த ஒரு வார இடைவெளியில்தான் பெரியம்மா கேட்டாள். "தண்ணியில விழுந்தா எப்படிடா தொறப்ப?"

2015 டிசம்பரில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றதை அவள் மாடியிலிருந்து பார்த்திருக்கிறாள். எதிர்வீட்டுக் கார் முழுகிக்கொண்டிருக்கும்போது உள்ளே யாருமில்லாமல் வைப்பர் இப்படியும் அப்படியும் ஆடியது. அதைப் பார்த்து அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தண்ணீர் சுவிட்சுக்குள் புகுந்தால் மின்சாரம் இஷ்டத்துக்கு வழி தேடும். ஆனாலும் முழுகத் தொடங்கிய முதல் சில நொடிகளில் கண்ணாடி பெரும்பாலும் இறங்கும். அதற்குள் இறக்கிவிட வேண்டும். யாருக்கும் போன் செய்து கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. பெல்ட்டைக் கழற்று, கண்ணாடியை இறக்கு, பிள்ளைகளை முதலில் வெளியே தள்ளு. கதவைத் தள்ளிப் பயனில்லை, வெளியே நிற்கிற தண்ணீர் அதை அமுக்கிப் பிடித்திருக்கும். கண்ணாடியும் இறங்கவில்லையென்றால் பக்கவாட்டுக் கண்ணாடியின் மூலையில் கூர்முனையால் ஒரு அடி. அது சூடேற்றிப் பதப்படுத்திய கண்ணாடி. உடைந்தால் கல்கண்டு மாதிரி பொடிப்பொடியாக உதிரும். முன்கண்ணாடியை அடித்துப் புண்ணியமில்லை. இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டியது, விரிசல் விடுமே தவிர வழி விடாது. சில கார்களில் பக்கக் கண்ணாடியும் இப்படி ஒட்டியதாக வருகிறது. மூலையில் அச்சடித்திருப்பதைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவையும் சொல்லி, ஒரு சின்னச் சுத்தியல் வாங்கி அவள் கதவின் பையில் போட்டேன். பத்து நாள் கழித்துப் பார்த்தால் சுத்தியலின் கூர்முனையில் பாக்குத் துகள். கொட்டைப்பாக்கு உடைக்க எடுத்திருக்கிறாள். "நல்லா வாட்டமா இருக்குடா" என்றாள்.

பழைய காரின் கண்ணாடிமேல் நானும் கை வைத்திருக்கிறேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2012 ஏப்ரலில் கார் கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. முன்னும் பின்னும் 70 சதவீதம், பக்கவாட்டில் 50 சதவீதம் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்பது விதி. அதுவும் அப்போது கண்ணாடியிலேயே அமைந்ததாக இருக்க வேண்டியிருந்தது, மேலே தாள் ஒட்டி அல்ல. போக்குவரத்துக் காவலர்கள் நிறுத்தி நிறுத்திக் கிழித்த நாட்கள். நான் முந்திக்கொண்டு வீட்டிலேயே கிழித்தேன். தாள் வந்தது, பசை வரவில்லை. பசையோடு ஏறி இறங்கிய கண்ணாடி ஓரத்து ரப்பரில் ஈஷி, புழுதியைச் சேர்த்துக்கொண்டு, ஆமை வேகத்துக்கு வந்தது. அதற்கு நான் என்ன செய்தேன்? தேங்காய் எண்ணெய் விட்டேன். இரண்டு நாள் வழுக்கிக்கொண்டு போனது. மூன்றாம் நாள் மொத்த ஜி.எஸ்.டி. சாலையும் அதில் ஒட்டியிருந்தது. ரப்பருக்கு எண்ணெயே ஆகாது. ஈரத் துணியை ஒரு அட்டைத் துண்டில் சுற்றி வாய்க்காலுக்குள் விட்டுத் துடைத்து, காய்ந்த பிறகு சிலிகான் ஸ்ப்ரேயைக் கொஞ்சம் அடித்தால் போதும். இது நான் பிறகு கற்றுக்கொண்டது.

அந்தப் பழைய காரில்தான் பின்கண்ணாடி ஒன்று ஓடும்போதே 'டொப்' என்று கதவுக்குள் விழுந்தது. கண்ணாடியைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப் உடைந்து போயிருந்தது. விக்கிரவாண்டியில் ஒரு பஞ்சர் கடைக்காரர் உள்ளேயிருந்து கண்ணாடியை இழுத்து, ரப்பர் செருப்பை ஆப்பு மாதிரி வெட்டி இரண்டு பக்கமும் செருகிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. அந்தச் செருப்புத் துண்டு ஒரு வருடம் கண்ணாடியைத் தாங்கியது.

கடைசியில் பாயிடம் போனேன். ஆட்டோ எலக்ட்ரீஷியன். கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது, வாசலில் பழைய பேட்டரிகள்தான் அடையாளம். டீ குடித்துக்கொண்டே கேட்டார்.

"கதவைத் தொறந்து வெச்சா வேலை செய்யுதா சார்? மூடினா செய்யலையா?"

கதவுக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவே துருத்தி மாதிரி ஒரு ரப்பர் குழாய் இருக்கிறது. ஒயர்களெல்லாம் அதன் வழியாகத்தான் கதவுக்குள் போகின்றன. ஆயிரம் தடவை திறந்து மூடினால் அதற்குள் ஒரு ஒயர் மடிந்து மடிந்து அறுந்துவிடும். அப்போது கதவின் ஒரு கோணத்தில் கரண்டு வரும், இன்னொன்றில் வராது. அது இல்லை என்றேன்.

"ஏறுதா?"

"ஏறுது."

"இடது கதவு சுவிட்ச்லயும் ஏறுது, உங்க சுவிட்ச்லயும் ஏறுது. ரெண்டுலயும் எறங்கல."

"ஆமா பாய்."

டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப மோட்டாரை ஏன் மாத்தினீங்க? ஏற மட்டும் தெரிஞ்ச மோட்டார் உண்டா? ஒயரை மாத்திக் குடுத்தா அப்படியே திரும்பிச் சுத்தும், அவ்வளவுதானே அது."

இடது கதவின் டோர் பேடைக் கழற்றினார். உள்ளே ஒட்டியிருக்க வேண்டிய பிளாஸ்டிக் தாள் ஒரு ஓரத்தில் பிய்ந்து தொங்கியது. பணிமனைக்காரர்கள் திரும்ப ஒட்டாமல் விட்டிருக்கிறார்கள். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் மழைத் தண்ணீர் இறங்கத்தான் செய்யும்; கதவின் அடியிலுள்ள ஓட்டைகள் வழியாக வெளியேறிவிடும். அந்தத் தாள் இல்லையென்றால் தண்ணீர் உள்பக்கம் வரும். போன மழையில் பெரியம்மாவின் கால்மிதி ஏன் ஈரமானது என்று எனக்கு விளங்கியது. பாய் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மோட்டாரின் கப்ளரைப் பிடுங்கி, பேட்டரியிலிருந்து இரண்டு ஒயரை நேரே தொட்டார். இறங்கியது. மாற்றித் தொட்டார். ஏறியது. பிறகு டெஸ்ட் லாம்பை எடுத்துக்கொண்டு என் கதவுக்கு வந்துவிட்டார்.

"இங்கதான் சார்."

எனக்குப் புரியவில்லை. கெட்டது அவள் ஜன்னல், இவர் என் கதவைத் திறக்கிறார். ஸ்க்ரூடிரைவரால் தரையில் கோடு போட்டுக் காட்டினார். மோட்டாருக்கு இரண்டு ஒயர். சுவிட்சில் யாரும் கை வைக்காதபோது இரண்டும் எர்த்தில் கிடக்கும். இறக்குவதற்கு அழுத்தினால் ஒன்று எழுந்து பேட்டரிப் பக்கம் போகும். இன்னொன்று எர்த்திலேயே இருக்க வேண்டும், அதுதான் கரண்டு திரும்பும் வழி. ஏற்றும்போது இரண்டும் இடம் மாறும்.

"இடது கதவு சுவிட்ச்சுக்குன்னு தனி எர்த் கிடையாது. இந்த மாதிரி வண்டியில உங்க மெயின் சுவிட்ச் வழியாத்தான் அதுக்கு எர்த் வரணும். அங்க ஒரு கான்டாக்ட் கருகிட்டா, ஏறுறதுக்கு வழி இருக்கும், எறங்குறதுக்கு இருக்காது. எந்த சுவிட்சை அமுக்கினாலும் அதே கதைதான்."

மெயின் சுவிட்சைப் பிளந்து துணியில் கொட்டினார். பிளாஸ்டிக் பொத்தான்கள், ஊசி மாதிரி ஸ்பிரிங்குகள், ஏலக்காய்த் தோல் அளவுக்குப் பித்தளைத் தகடுகள். ஒவ்வொரு தகட்டின் நுனியிலும் கடுகளவு ஒரு பொட்டு. ஏழு பொட்டு வெளிறி மின்னியது. எட்டாவது கறுப்பு. தகட்டின் அடியில் பழுப்பாக, காய்ந்து, பாகு மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. பாய் நகத்தால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனார். "டீ" என்றார். "தண்ணியும் எறங்கியிருக்கு. பச்சை பூத்திருக்கு பாருங்க."

டீ என்றைக்குச் சிந்தியது என்று தெரியாது. தண்ணீர் எப்படி வந்தது என்று தெரியும். 2021 பிப்ரவரி நடுவில் ஃபாஸ்டேக் கட்டாயமாவதற்கு முன்னால் ஒவ்வொரு சுங்கச்சாவடியிலும் கண்ணாடியை இறக்கிக் காசு கொடுக்க வேண்டும். பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி. போகும்போது மூன்று, வரும்போது மூன்று. ஐப்பசி கார்த்திகை மழையில் கண்ணாடியை இறக்கி, கையை நீட்டி, சில்லறைக்குக் காத்திருக்கும் நேரத்தில் கூரையிலிருந்து வழிகிற தண்ணீர் நேராகக் கதவுக் கட்டையில், நான்கு சுவிட்சின் மேல் விழும். நான் சட்டைக் கையைத்தான் உதறிக்கொள்வேன். சுவிட்சைத் துடைத்ததில்லை. ஆறு வருடம் என் ஜன்னலைத் திறந்து நான் வாங்கிய மழை, அவள் ஜன்னலுக்கு எர்த் கொடுக்கிற பொட்டில் போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஜீரோ நம்பர் எமரித் தாளை நெருப்புக்குச்சியில் சுற்றி அந்தப் பொட்டைத் தேய்த்தார் பாய். "இது கொஞ்ச நாளைக்கு ஓடும். திரும்ப வந்தா புதுப்பேட்டைல தேடுங்க. வெளியில பார்த்தா எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், பின்னை எண்ணிட்டு வாங்குங்க." கழற்றிய சுவிட்சின் பின்பக்கத்தைப் படமெடுத்துக்கொண்டேன். பின்னர் ஒருநாள் போகவும் போனேன். புதுப்பேட்டைத் தெருவில் கதவுகளைப் புத்தகம் மாதிரி அடுக்கி வைத்திருந்தார்கள். கடைக்காரர் கார் பெயரைக் கேட்கவில்லை. "எத்தனை பின்?" என்று மட்டும் கேட்டார்.

பாய் பேட்டரியைக் கழற்றி மாட்டியதில் என் கண்ணாடிக்கு மட்டும் ஒரு மறதி வந்தது. ஒரே தொடுதலில் தானாக மேலே போகிற வித்தையை அது இழந்திருந்தது. அடிவரை இறக்கிக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடித்து, உச்சிவரை ஏற்றி அங்கேயும் பிடித்தால் பல வண்டிகளில் பழையபடி நினைவு வந்துவிடும். தானாக ஏறுகிற கண்ணாடிக்கு உச்சி எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் தட்டுப்படுவது ரப்பரா பிள்ளையின் கையா என்று அதற்கு எப்படித் தெரியும்? 4 மில்லிமீட்டரிலிருந்து 200 மில்லிமீட்டர் வரை இடைவெளி இருக்கும்போது 100 நியூட்டனுக்கு மேல், அதாவது பத்துக் கிலோ பாரத்துக்கு மேல் அமுக்காமல் அது திரும்பிவிட வேண்டும் என்று வெளிநாட்டு விதிகள் வைத்திருக்கிறார்கள். ஏற்றுவதற்குச் சுவிட்சைத் தூக்க வேண்டும், அழுத்தக் கூடாது என்பதும் பிள்ளைகளுக்காக வந்த ஏற்பாடுதான். ஜன்னலில் எட்டிப் பார்க்கும்போது முழங்கால் பட்டுக் கண்ணாடி ஏறிவிடுகிறது என்று 2004இல் அமெரிக்காவில் விதியே போட்டார்கள். என் வண்டியில் திரும்புகிற புத்தி ஓட்டுநர் கண்ணாடிக்கு மட்டும். மற்ற மூன்றும் கையைப் பார்க்காது.

அதனால்தான் போன தை மாதம் பேத்தியோடு கிளம்பியபோது, பின்சீட்டில் அவள் சுவிட்சைத் தூக்கி இறக்கி விளையாடத் தொடங்கியதும், என் கதவிலிருந்த பூட்டுப் பட்டனை அமுக்கிவிட்டேன். குறுக்குக் கோடு போட்ட ஜன்னல் படம் இருக்குமே, அது. மற்ற மூன்று சுவிட்சும் அடங்கிவிடும். பேத்தி இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு வெளியே வேடிக்கை பார்க்கத் திரும்பினாள்.

மதுராந்தகம் வந்தது. ஏரி நிறைந்திருந்தது. பெரியம்மா வெற்றிலையைக் கிள்ளி, நரம்பெடுத்து, சுண்ணாம்பு தடவி வாயில் போட்டாள். சுவிட்சை அழுத்தினாள். அழுத்தினாள். என்னைப் பார்த்தாள். வாய் நிறைந்திருந்தது. ஒன்றும் சொல்லாமல் வலது கையை என் பக்கம் நீட்டி, உள்ளங்கையை விரித்தாள்.